வைப்பர் ரப்பரை உப்புத்தாளால் தேய்த்தால் புதுசாகுமா?

ஜூன் 2, காலை (வாசகர் கேள்வி)

வைப்பர் பிளேடு கண்ணாடியில் கோடு விட ஆரம்பித்தால் உடனே புதுசு மாட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. நைஸ் உப்புத்தாளை மடித்து ரப்பர் விளிம்பில் நாலு தடவை இழுத்தால் மேலே காய்ந்துபோன பகுதி போய்விடும், உள்ளே இருக்கும் நல்ல ரப்பர் வெளியே வரும். கொஞ்சம் டீசல் தொட்டுத் துடைத்தால் மெத்தென்றும் ஆகிவிடும். செய்து பார்த்தேன், கோடு குறைந்தது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து மேலே போகும்போது சும்மா இருக்கிறது, கீழே வரும்போது தடதடவென்று குதிக்கிறது. உப்புத்தாளின் நம்பரை மாற்ற வேண்டுமா?

ஜூன் 2, மாலை

நம்பர் எதுவானாலும் வேண்டாம். அந்த விளிம்பு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும்.

வைப்பர் ரப்பர் பெரும்பாலும் இரட்டையாகத்தான் வார்க்கப்படுகிறது. இரண்டு ரப்பர்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொண்டு வரும். பக்கவாட்டுப் பரப்பை குளோரினால் பதப்படுத்திக் கொஞ்சம் இறுக வைப்பார்கள், அல்லது கிராஃபைட் பூசுவார்கள். கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போவதற்குத்தான் இது. அப்புறம் நடுவில் கூரான கத்தியால் வெட்டி இரண்டாகப் பிரிப்பார்கள். அந்த வெட்டில் கிடைக்கும் செங்கோண மூலைதான் தண்ணீரைத் தள்ளுகிறது. கண்ணாடியைத் தொடும் இந்த ரப்பர் நாக்கின் நுனித் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு இரண்டு மூலைகள். மேலே போகும்போது ஒரு மூலை, கீழே வரும்போது மற்றது.

உப்புத்தாள் முதலில் இந்த மூலையை உருண்டையாக்குகிறது. அடுத்து வழுக்கும் மேல்தோலை எடுத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் மென்மையானது என்பது சரி, ஆனால் மென்மையான ரப்பர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். நீங்கள் கேட்கும் தடதட சத்தம் அதுதான். முதல் இரண்டு நாள் நன்றாகத் தெரிந்ததற்குக் காரணம், விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணும் எண்ணெயும் போனதுதான். அதை ஈரத்துணியே செய்திருக்கும்.

ஈரத்துணி முறை: மைக்ரோஃபைபர் துணியை மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ரப்பரை இரு விரலால் லேசாகப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே திசையில் இழுக்க வேண்டும். மூன்று நான்கு இழுப்பு போதும். துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை தேய்க்கக் கூடாது, கிராஃபைட் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் தாராளம்.

ஜூன் 3

முதல் பதிலில் டீசல் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், துரு எடுக்கும் ஸ்பிரே, எதுவும் ரப்பரில் படக் கூடாது. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதும். ஊதினதால்தான் மெத்தென்று தெரிகிறது. ஊதிய நாக்கு நேராக நிற்காது, அலை அலையாக நெளியும். கண்ணாடியில் எஞ்சும் எண்ணெய்ப் படலம் இரவில் எதிரே வரும் விளக்கொளியை இழுத்துப் பரப்பிவிடும். டேஷ்போர்டு பாலிஷை ரப்பரில் தடவுவதும் இதே தவறுதான். அதில் சிலிக்கான் எண்ணெய் இருக்கும், கண்ணாடியிலிருந்து அது லேசில் போகாது.

ஜூன் 4

"கோடு விழுது" என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது என்று சொல்ல முடியாது. கோட்டின் வடிவம்தான் நோயைச் சொல்லும். கண்ணாடியை நன்றாக நனைத்து, வைப்பரை மெதுவான வேகத்தில் ஓட்டி, என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

மயிரிழை போல ஒரே ஒரு மெல்லிய கோடு, எப்போதும் அதே இடத்தில் என்றால் அந்த இடத்தில் விளிம்பில் ஒரு மணல் துகள் ஒட்டியிருக்கிறது, அல்லது சின்ன வெட்டு விழுந்திருக்கிறது. துடைத்ததும் போய்விட்டால் துகள். போகாவிட்டால் வெட்டு, ரப்பர் மாற்ற வேண்டும்.

இரண்டு மூன்று விரல் அகலத்துக்குத் தண்ணீர் பட்டையாக நிற்கிறது என்றால் அங்கே ரப்பர் கண்ணாடியைத் தொடவே இல்லை. சட்டகம் உள்ள பழைய வகை பிளேடாக இருந்தால் அந்த இடத்து மூட்டு இறுகியிருக்கும், அல்லது ரப்பரைப் பிடிக்கும் நகம் கழன்றிருக்கும். சட்டகம் இல்லாத தட்டை வகையாக இருந்து, பட்டை நுனியில் மட்டும் வருகிறது என்றால், அந்த பிளேடின் வளைவு உங்கள் கண்ணாடியின் வளைவோடு பொருந்தவில்லை. எவ்வளவு விலையுயர்ந்த பிளேடானாலும் இதற்கு மருந்து கிடையாது, வேறு பிளேடுதான்.

வைப்பர் கடந்துபோனதும் பனி போல ஒரு மங்கல் வந்து, இரண்டு மூன்று வினாடியில் தானாக மறைகிறதா? ரப்பரின் மேல் பழி போடாதீர்கள். கண்ணாடியில் எண்ணெய், மெழுகு, முன்னே போன வண்டிகளின் புகைப்படலம் இவற்றில் ஏதோ இருக்கிறது. தண்ணீர் சீரான படலமாகப் பரவாமல் நுண்துளிகளாக உடைகிறது. வைப்பரின் வேலை கண்ணாடியை உலர்த்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அது விட்டுச்செல்வதும் ஒரு நீர்ப்படலம்தான், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக, சீராக இருக்கிறது. அவ்வளவே.

ஒரு திசையில் மட்டும் குதித்தால் நாக்கு திரும்பவில்லை, அல்லது பிளேடைத் தாங்கும் வைப்பர் கை முறுகியிருக்கிறது. இரு திசையிலும் குதித்தால் கண்ணாடி அழுக்கு அல்லது இறுகிப்போன ரப்பர். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் மேல்பாதி துடைபடாமல் நின்றால் காற்று பிளேடைத் தூக்குகிறது, கையின் ஸ்பிரிங் அழுத்தம் போதவில்லை.

கேள்வி கேட்டவருக்கு: உங்களுடையது ஒரு திசைக் குதிப்பு. உப்புத்தாள் மட்டும் காரணமாக இருக்காது என்று இப்போது தோன்றுகிறது. முதல் பதிலில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டேன். மேல்தோல் போனது மட்டும் காரணமென்றால் இரு திசையிலும் குதிக்க வேண்டும்.

ஜூன் 4, இரவு

மேலே சொன்ன மங்கல் சோதனைக்கு முன் கண்ணாடியின் உட்புறத்தை ஒருமுறை துடைத்துவிடுங்கள். உள்ளே படியும் புகைப்படலத்தை வெளியே இருப்பதாக நினைத்து பிளேடு மாற்றுபவர்கள் நிறைய.

ஜூன் 6

கண்ணாடியைச் சுத்தம் செய்வது பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். புது பிளேடு மாட்டும் முன் இதைச் செய்யாவிட்டால் புதுசும் முதல் நாளே சத்தம் போடும்.

முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மணலை இறக்க வேண்டும். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவி, துடைத்து, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கைவிரல்களில் மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தடவிப் பாருங்கள். வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பு பையோடு தடவினால் தெரியும். சொரசொரப்பு இருந்தால் மரப்பிசின், பூச்சி எச்சம், இரும்புத் துகள் ஏதோ ஒட்டியிருக்கிறது. கிளே பார் என்னும் களிமண் கட்டியை ஈரமாக வைத்து லேசாக உருட்டினால் எடுத்துவிடும். கட்டி கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள், அதில் ஒட்டிய மணல் கண்ணாடியைக் கீறும்.

உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஈரத்துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போர்த்தி வைக்கலாம். பெயிண்டில் வழியாமல் பார்த்துக்கொண்டு, பிறகு நன்றாக அலச வேண்டும்.

கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒரு துடைப்பு. இது எண்ணெய்ப் படலத்தை எடுக்கும். பிறகு தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் தகடாக வழிய வேண்டும். அப்படி வழிந்தால் கண்ணாடி தயார்.

வைப்பர் போகும் பாதையில் வில் போலக் கீறல் இருந்தால் நகத்தை வைத்துப் பாருங்கள். நகம் தட்டாத மெல்லிய கீறலுக்கு சீரியம் ஆக்சைடு மெருகு உதவும். நகம் தட்டினால் விட்டுவிடுங்கள். அந்த ஆழத்துக்குத் தேய்த்து எடுத்தால் அங்கே குழி விழுந்து, பார்க்கும் காட்சி நெளியும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டிகளில் கேமரா பார்க்கும் பகுதியில் எந்த மெருகும் வேண்டாம்.

ஜூன் 7

ஒரு திசைக் குதிப்புக்கு வருகிறேன். இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கோளாறு. மூன்று முறை பிளேடு மாற்றியும் போகவில்லை என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் கோளாறு கையில்தான் இருக்கும்.

ரப்பருக்கு நடுவில் மெல்லிய கழுத்து ஒன்று உண்டு. பிளேடு மேலே போகும்போது நாக்கு கீழ்ப்பக்கம் சாய்ந்து இழுபட வேண்டும். திசை மாறும்போது கழுத்து மடங்கி நாக்கு மறுபக்கம் புரள வேண்டும். ஓட்டத்தின் முனையில் "டொக்" என்று மெதுவாகக் கேட்பது இந்தப் புரளல்தான். புரளாத நாக்கு இழுபடுவதற்குப் பதில் கண்ணாடியைக் குத்திக்கொண்டு போகும். அதுதான் குதிப்பு.

சோதனை இது. கண்ணாடியை நனைத்து வைப்பரைப் போட்டு, மேலே போகும் வழியில் நடுவில் இருக்கும்போது இக்னிஷனை அணையுங்கள். வைப்பர் அங்கேயே நிற்கும். நாக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். மறுபடி போட்டு, கீழே வரும் வழியில் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு முறையும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தால் நல்லது. ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ரப்பர் நிரந்தரமாக மடங்கிவிட்டது, அல்லது கை முறுகியிருக்கிறது. பிளேடைக் கழற்றி ரப்பரைத் தனியே வெளிச்சத்தில் பிடித்தால் எது என்று தெரிந்துவிடும். தனியே இருக்கும்போதும் நாக்கு சாய்ந்திருந்தால் ரப்பர். நேராக நின்றால் கை.

கை எப்படி முறுகும்? தானியங்கிக் கழுவுமிடத்தின் தூரிகை, பிளேடைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியின் நடுவை எட்டித் துடைப்பது, பனி ஒட்டிய பிளேடை வலித்து இழுப்பது. சரிபார்க்க, ஓட்டத்தின் நடுவில் நிறுத்தி கையின் நுனித் தகட்டைப் பாருங்கள். அது கண்ணாடிப் பரப்புக்கு இணையாக இருக்க வேண்டும், அதாவது பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஓட்டத்தின் இரு முனைகளில் சில பாகை சாய்வது இயல்பு. கண்ணாடி வளைந்திருப்பதால் அந்தச் சாய்வுதான் நாக்கைப் புரள வைக்கிறது. நடுவில் சாய்ந்திருந்தால்தான் கோளாறு.

திருத்துவதற்கு பிளேடைக் கழற்றி, கையைக் கண்ணாடியிலிருந்து தூக்கி, துணி சுற்றிய இரண்டு அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் நுனிக்கு அருகே பிடித்து மிகக் கொஞ்சமாகத் திருக வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. மாட்டிச் சோதித்து, தேவையானால் மறுபடி. வார்ப்பு அலுமினியக் கையாக இருந்தால் திருகாதீர்கள், முறியும். அதை மாற்றத்தான் வேண்டும்.

ஜூன் 7, பின்சேர்க்கை

ஸ்பிரிங் அழுத்தத்தை அளக்க மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். பிளேடு மாட்டும் இடத்துக்குக் கீழே கொக்கியை மாட்டி, கண்ணாடிக்குச் செங்குத்தாக இழுத்து, ரப்பர் கண்ணாடியை விட்டு எழும் கணத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பொதுவான கணக்கு, பிளேடின் ஒவ்வொரு இன்ச்சுக்கும் 28 முதல் 40 கிராம். 24 இன்ச் பிளேடுக்கு சுமார் 670 முதல் 960 கிராம் வரை வரலாம். 400 கிராம்தான் காட்டுகிறது என்றால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லும் முன் கை மடங்கும் முட்டியைப் பாருங்கள். அங்கே துரு பிடித்து இறுகியிருப்பதுதான் வழக்கம். சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து இருபது முப்பது தடவை மடக்கி நீட்டினால் அழுத்தம் திரும்பும்.

ஜூன் 9

மாற்றும் முறை. கொக்கி வகைக் கைக்கு எழுதுகிறேன், அதுதான் அதிகம் இருப்பது. பக்கத்தில் ஊசி நுழையும் வகை, மேலே பொத்தான் அழுத்தும் வகை, பக்கவாட்டில் கிள்ளும் வகை ஆகியவற்றுக்கு பூட்டு மட்டும்தான் வேறு.

இக்னிஷன் அணைந்திருக்கட்டும். சில வண்டிகளில் வைப்பர் பானெட் விளிம்புக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அப்படியே தூக்கினால் பானெட் பெயிண்டை உரசும். அவற்றில் சர்வீஸ் நிலை என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் இக்னிஷனை அணைத்த சில வினாடிக்குள் வைப்பர் நெம்பியை ஒருமுறை அழுத்தினால் கைகள் எழுந்து நடுவில் நிற்கும். வண்டிக் கையேட்டில் சரியான வழி இருக்கும்.

கையைத் தூக்கி நிறுத்துங்கள். தூக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, தடித்த துண்டு ஒன்றை நாலாக மடித்துக் கண்ணாடியில் கை விழும் இடத்தில் போடுவது. பிளேடு இல்லாத கை ஸ்பிரிங் வேகத்தில் கண்ணாடியில் விழுந்தால் வெறும் இரும்பு முனை அடிக்கும், கண்ணாடி விரிசல் விடும். பிளேடு மாற்றப் போய்க் கண்ணாடி மாற்றும் நிலை வருவது இந்த ஒரு துண்டு இல்லாததால்தான்.

பிளேடைக் கைக்குக் குறுக்காகத் திருப்புங்கள். இணைப்பின் நடுவில் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அதை அழுத்திக்கொண்டு பிளேடைக் கையின் அடிப்பக்கம் நோக்கிக் கீழே தள்ளுங்கள். மேலே இழுத்தால் வராது. எல்லோரும் முதலில் செய்வது மேலே இழுப்பதுதான், அதில்தான் கிளிப் உடைகிறது. இரண்டு மூன்று செண்டிமீட்டர் இறங்கியதும் கொக்கி விடுபடும். பிளேடைச் சாய்த்து வெளியே எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள்.

புதியதன் இணைப்பைக் கொக்கிக்குள் நுழைத்து மேல்நோக்கி இழுத்தால் "க்ளிக்" கேட்கும். கேட்டாலும் நம்பாமல் ஒருமுறை கீழே இழுத்துப் பாருங்கள். கொக்கி அகலத்துக்கு ஏற்ற அடாப்டர் போடாமல் மாட்டினால் க்ளிக் கேட்கும், ஆட்டமும் இருக்கும், மழையில் ஒருநாள் பிளேடு பறந்துவிடும். காற்றுத் தடுப்புத் தகடு உள்ள பிளேடாக இருந்தால் நிறுத்திய நிலையில் தகடு பானெட் பக்கம், அதாவது காற்று வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

கையை விட்டுவிடாமல் பிடித்தபடி மெதுவாக இறக்குங்கள். கண்ணாடியை நனைத்து, பிறகுதான் ஓட்ட வேண்டும்.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

புது ரப்பரின் மேல் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். மாட்டி முடித்ததும் உருவிவிடவும். உறையோடு ஓட்டிவிட்டு "புதுசும் துடைக்கவில்லை" என்பது அடிக்கடி வரும் புகார்.

ஜூன் 12

ரப்பர் மட்டும் மாற்றலாமா என்று கேட்டவருக்கு: சட்டகம் ஆடாமல், துருப்பிடிக்காமல் இருந்தால் தாராளமாக. குப்பையும் குறைவு. ரீஃபில் வாங்கும்போது இரண்டு அளவு வேண்டும்: நீளம், அப்புறம் நகம் பிடிக்கும் மேல்பகுதியின் அகலம். 6 மி.மீ., 8 மி.மீ. இரண்டும் அதிகம் கிடைப்பவை. அகலம் தவறினால் ஒன்று நுழையாது, அல்லது நகத்துக்குள் ஆடும்.

பழைய ரப்பரின் ஒரு முனையில் நகம் உட்காரும் பள்ளம் இருக்கும், அதுதான் பூட்டு. அந்த முனையைப் பிடித்து வலுவாக இழுத்தால் பூட்டு விடும், மீதி உருவிக்கொண்டு வரும். பூட்டு முனை கையின் அடிப்பக்கம் இருந்ததா நுனிப்பக்கமா என்று கழற்றும்போதே பாருங்கள், புதியதும் அப்படியே போக வேண்டும்.

உள்ளே இருக்கும் இரண்டு எஃகுத் தகடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புது ரப்பரோடு தகடு வராவிட்டால் இவைதான் போக வேண்டும். தகட்டுக்கு லேசான வளைவு உண்டு, அது கண்ணாடியின் வளைவோடு ஒத்துப்போகும் பக்கமாக இருக்க வேண்டும். தகட்டின் ஓரப் பள்ளங்கள் ரப்பரில் உள்ள மேடுகளைப் பார்த்து உட்புறமாக அமரும். மாற்றிப் போட்டால் தகடு நழுவி வெளியே நீட்டும், கண்ணாடியை வில்லாகக் கீறிவிடும். கடைசி நகம் வரை ஒவ்வொன்றும் ரப்பரின் பள்ளத்துக்குள் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒரு நகம் தப்புவதுதான் வழக்கமான தவறு.

ஜூன் 13

நீளம் பற்றி. இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்று நினைத்து வாங்காதீர்கள். பல வண்டிகளில் ஓட்டுநர் பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. 24, 18 அல்லது 26, 16 இன்ச் ஜோடிகள் சாதாரணம். மில்லிமீட்டரில் சொன்னால் 600, 450, 650, 400. ஒரு இன்ச் கூட்டினால் இன்னும் கொஞ்சம் துடைக்கும் என்ற ஆசை நிறைய பேருக்கு உண்டு. நுனி கண்ணாடி வளையும் ஓரத்தில் ஏறித் தூக்கிக்கொள்ளும், அல்லது இரண்டு பிளேடும் ஒன்றையொன்று தட்டும். அதே ஸ்பிரிங் அழுத்தம் அதிக நீளத்தில் பகிரப்படுவதால் எல்லா இடத்திலும் அழுத்தமும் குறையும். குட்டையாகப் போவதில் இந்த ஆபத்து இல்லை, பார்வைப் பரப்பு மட்டும் குறையும்.

சட்டக வகையா, தட்டை வகையா? சட்டக வகை ரப்பரை ஆறு எட்டு இடத்தில் நகத்தால் அழுத்துகிறது. தட்டை வகையில் முன்கூட்டியே வளைத்த ஸ்பிரிங் எஃகு முழு நீளத்தையும் அழுத்துகிறது. பாஷ் நிறுவனம் 1999இல் ஏரோட்வின் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு இந்த வகை பரவியது. மூட்டு இல்லாததால் அழுக்கும் பனியும் சிக்காது, அதிவேகத்தில் காற்றும் குறைவாகத் தூக்கும். ஆனால் வளைவு பொருந்த வேண்டும். பழைய வண்டியின் அதிகம் வளைந்த கண்ணாடிக்கு நல்ல சட்டக பிளேடு பல தட்டை பிளேடுகளை விட நன்றாகப் படியும். புதிது என்பதற்காக மாறாதீர்கள்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். 1903இல் மேரி ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற கருவியிலேயே இன்றைய வைப்பரின் சாரம் இருக்கிறது: ஒரு கை, ஒரு ரப்பர், கண்ணாடியோடு அதை அழுத்தி வைக்க ஒரு ஏற்பாடு. உள்ளிருந்து நெம்புகோலால் இயக்க வேண்டும். இடைவெளி விட்டுத் துடைக்கும் முறைக்கு ராபர்ட் கெர்ன்ஸ் 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தூறலில் அந்த இடைவெளி நிலையைப் பயன்படுத்தாமல் தொடர்ந்து ஓட விடுவதுதான் ரப்பரை வேகமாகத் தின்கிறது. ஈரமில்லாத கண்ணாடியில் ஒரு ஓட்டம், ஈரமான கண்ணாடியில் பல ஓட்டங்களுக்குச் சமமான தேய்மானம் தரும்.

ஜூன் 15

இரண்டு விஷயம்.

சட்டக மூட்டு இறுகினால் ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு "விடலாம்" என்று சொல்லியிருந்தேன். திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முதல் மழையில் அது ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இறங்கும், டீசல் பற்றி மேலே சொன்ன அதே கதை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மூட்டுகளை அசைத்துப் பாருங்கள். இளகாவிட்டால் அந்த பிளேடு முடிந்தது. கையின் முட்டிக்கு கிரீஸ் வைப்பது வேறு. அங்கேயும் மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும்.

அடுத்தது, வெயிலில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வைப்பது. ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்கிறார்கள். நட்டுக்குத்தாக நிற்கும் வகைக் கைகளில் ஸ்பிரிங் உச்சப் புள்ளியைத் தாண்டி அமர்ந்திருக்கிறது, அதனால்தான் கை நிற்கிறது. ஆகவே அந்தப் பயம் பெரிதல்ல. நாக்கு சூடான கண்ணாடியில் அழுந்தி ஒரே பக்கம் மடங்கிப்போவதை இது தடுக்கிறது. எதிரான காரணம் வேறு: பலத்த காற்றோ போகிறவர் கையோ தட்டினால் கை கண்ணாடியில் வந்து மோதும். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு, காற்று அடிக்காத மறைவான இடம் என்றால் தூக்கி வைப்பேன். தினசரி நிறுத்தத்துக்கு நிழலோ கண்ணாடித் திரையோ போதும்.

ஜூன் 18

வாஷர் தண்ணீர். வைப்பரின் ஆயுளில் பாதி இதில் இருக்கிறது. தூசி படிந்த உலர்ந்த கண்ணாடியில் ஒருமுறை ஓட்டினால் ரப்பர் உப்புத்தாளாகிவிடுகிறது. முதலில் தண்ணீர், அப்புறம் ஓட்டம்.

வெறும் குழாய்த் தண்ணீர் நாசிலில் சுண்ணாம்பு படிய வைக்கும். தேங்கும் வெறும் தண்ணீரில் பாசியும் லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாவும் வளர வாய்ப்புண்டு. வாஷர் கரைசலை டப்பாவில் சொன்ன அளவில் டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுவது நல்லது. பாத்திரம் கழுவும் சோப்பு நுரைக்கும், கோடு விடும். ரேடியேட்டர் கூலன்ட் கூடவே கூடாது, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் பரவிப் பார்வையை மறைக்கும். உறைபனி விழும் இடத்தில் வெறும் தண்ணீர் தொட்டியையும் பம்பையும் பிளக்கும், உறையாத கரைசல் அவசியம்.

நாசில் அடைத்தால் மெல்லிய தையல் ஊசி. ஆழமாகக் குத்தாமல் நுனியை மட்டும் விடவும். குண்டு வகை நாசிலை அதே ஊசியால் திசை திருப்பலாம். நின்ற வண்டியில் தண்ணீர் துடைக்கும் பரப்பின் நடுவுக்கும் சற்று மேலே விழட்டும், ஓடும்போது காற்று அதைக் கீழே தள்ளும். விசிறி போலத் தெளிக்கும் வகை பெரும்பாலும் திருப்ப முடியாதது.

பம்ப் ஓடும் சத்தம் கேட்டு மூன்று நான்கு வினாடி கழித்துத் தண்ணீர் வந்தால், குழாயில் இருக்கும் ஒருவழி வால்வு போய்விட்டது. தண்ணீர் தொட்டிக்கே திரும்பி ஓடிவிடுகிறது. அந்த மூன்று வினாடியும் வைப்பர் உலர்ந்த கண்ணாடியில் ஓடும், அதனால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

ஜூன் 21

கையையே கழற்ற வேண்டியவர்களுக்கு. முதலில் வைப்பரை ஒருமுறை ஓட்டி, நெம்பியால் அணைத்து, நிறுத்த நிலையில் வந்து நிற்க விடுங்கள். பிளேடு நிற்கும் இடத்தில் கண்ணாடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இந்த டேப் இல்லாமல் திரும்ப மாட்டினால் ஒரு பல் தள்ளி உட்காரும், பிளேடு ஓரச் சட்டத்தில் அடிக்கும்.

மூடியை எடுத்து நட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று தளர்த்துங்கள். கையைக் கண்ணாடியிலிருந்து தூக்கி, அடிப்பகுதியைப் பிடித்து இருபுறமும் அசைத்தால் கூம்புப் பல்லிலிருந்து விடுபடும். வராவிட்டால் துரு எடுக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, பிறகு இருகால் புல்லர் என்னும் இழுத்துக் கழற்றும் கருவி. சுத்தியலால் தட்டினால் கீழே உள்ள வார்ப்பு உறை உடையும். நெம்பினால் கண்ணாடியின் ஓரம் விரிசல் விடும்.

திரும்ப மாட்டும் முன் பற்களைப் பித்தளை பிரஷ்ஷால் சுத்தம் செய்யவும். கையின் அலுமினியப் பல் மழுங்கியிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் நழுவும். மோட்டார் ஓடுகிறது, ஒரு பக்கக் கை மட்டும் நிற்கிறது என்றால் முதலில் இந்த நட்டைப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால் கீழே மோட்டாரையும் கைகளையும் இணைக்கும் லிங்கேஜின் பந்து மூட்டு கழன்றிருக்கும். பனியில் ஒட்டிய பிளேடை மோட்டாரால் இழுத்தால் கழல்வதும் அதே மூட்டுதான்.

ஜூன் 22

பின்கண்ணாடி வைப்பரும் வைப்பர்தான். குறைவாக ஓடுவதால் தேயாது, ஆனால் வெயிலும் ஓசோனும் ரப்பரை வெடிக்க வைக்கும். விரலால் மடக்கிப் பாருங்கள், கழுத்தில் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். கை பெரும்பாலும் பிளாஸ்டிக், முன்புறம் போலத் தொண்ணூறு பாகைக்குத் தூக்க முயன்றால் முறியும்.

ஜூன் 26 (முதல் கேள்வி கேட்டவர்)

நிறுத்திப் பார்க்கும் சோதனை செய்தேன். மேலே போகும்போதும் கீழே வரும்போதும் நாக்கு கீழ்ப்பக்கமே சாய்ந்திருக்கிறது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் ரப்பர் தனியாகவும் சாய்ந்தே இருக்கிறது. கை நுனி கண்ணாடிக்கு இணையாகத்தான் தெரிகிறது. தராசில் 22 இன்ச் பிளேடுக்கு 780 கிராம்.

ஜூன் 26, இரவு

அப்படியானால் கைக்கு வேலை இல்லை. 22 இன்ச்சுக்கு 620 முதல் 880 வரை எதிர்பார்க்கலாம், 780 நடுவில் இருக்கிறது. ரப்பர் ஒரே பக்கமாக மடங்கிப்போயிருக்கிறது. டீசல் அதை இன்னும் தளர்த்தியிருக்கும். கழுத்து ஒருமுறை இப்படிப் படிந்துவிட்டால் நிமிராது, இரண்டு பக்க ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள். அதற்கு முன் ஜூன் 6 குறிப்பில் உள்ள ஆல்கஹால் துடைப்பை இரண்டு முறை செய்யுங்கள், டீசல் படலம் இன்னும் கண்ணாடியில் இருக்கும். தண்ணீர் தகடாக வழியும் வரை புது ரப்பரை உறையிலிருந்து எடுக்க வேண்டாம்.